இடது பக்கம் இழுத்த பிக்கப்

செம்மோர் தாண்டினால் சாலை கொஞ்ச தூரம் நேராக ஏறும். அப்போதுதான் விடிந்திருந்தது. பின்னால் வாழையிலைக் கட்டுகள். அதற்கடியில் தேங்காய் மூட்டைகள். ஸ்டீரிங் என் கையில். இடப்பக்க சீட்டில் என் வீட்டுக்காரர் சுப்பையா. அவர் கையில் பாதி தின்ற கறிபாப்.

"பாக்கியம், எடது பக்கம் போற."

"நான் போகல. வண்டி போவுது."

"வண்டி எப்படித் தானா போவும்? நீதான ஓட்டுற."

ஏற்றத்துக்காக ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தேன். பிக்கப்பின் மூக்கு இடது பக்கம் திரும்பியது. ஸ்டீரிங்கை நான் அசைக்கவில்லை. சக்கரம் புல்லில் ஏறியது. புல்லுக்கு அந்தப் பக்கம் பெரிய சாக்கடை. காலை எடுத்தேன். வண்டி வலது பக்கம் ஆடி, தானாகச் சாலைக்கு வந்தது.

கறிபாப் அவர் மடியில் கிடந்தது. முதலில் அதைப் பார்த்தார். பிறகு சாக்கடையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"கண்ணு தெரியலன்னா சொல்லிரு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"தெரியுது. உங்க மீசையில உருளைக்கெழங்கு இருக்கு."

சாக்கடைக்குள் போகாமல் ஈப்போவுக்குப் போய்ச் சேர்ந்தோம். சிலிபின் பக்கம் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் இலையையும் தேங்காயையும் இறக்கினோம். திரும்பும்போது வண்டி காலி. எங்கள் ஊர் சுங்கை சிப்புட் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

வண்டி படிக்காது

போன வாரம் இதே பத்தியில் தோட்டத்து லயத்து வீடுகளின் குழாயடிச் சண்டையை எழுதினேன். அதைப் படித்துவிட்டுச் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டு வேலை சீக்கிரம் முடிகிறது. இந்த வாரம் வண்டியைப் பற்றி எழுதுகிறேன். வண்டி படிக்காது.

ஒரு காலத்தில் அது வெள்ளை. இப்போது நிறம் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். தஞ்சோங் ரம்புத்தானில் காய்கறி விற்ற ஒரு சீனரிடம் வாங்கினோம். கதவைத் திறந்தால் இன்னும் பூண்டு வாசம் வரும். மழை நாளில் வெங்காயமும் சேர்ந்து வரும்.

நான் பால் மரம் வெட்டியவள். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் அழித்து வீடு கட்டினார்கள். வீட்டை வெட்டிப் பிழைக்க முடியாது. வாழை வெட்டப் போனேன்.

வாழையிலை காத்திருக்காது. இருட்டோடு அறுத்து, விடியும்போது கடையில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் ஓரம் சுருண்டுவிடும். சுருண்ட இலையைக் கடைக்காரர் விரித்துப் பார்ப்பார். பிறகு நம்மை விரித்துப் பார்ப்பார். அதனால் வண்டி வேண்டும்.

சுப்பையா லைசன்ஸ் பரீட்சைக்குப் பலமுறை போனவர். கடைசி முறை பரீட்சை வைத்த அதிகாரி பாதி வழியில் இறங்கி நடந்தே ஆபீசுக்குப் போய்விட்டார் என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒருமுறை போனேன். கிடைத்தது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

ஆனால் ஓட்டத் தெரியாதவருக்குத்தான் ஓட்டுவதைப் பற்றி நிறையத் தெரியும். கியர் போடு என்பார். போட்ட பிறகு, ஏன் போட்டாய் என்பார்.

மகன் ஓட்டிப் பார்த்தான்

கறிபாப் விழுந்த கதையைச் சுப்பையா மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். மகன் குமரேசன் ஷா ஆலமில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை செய்கிறான். அந்த வார ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டான்.

சாவியை வாங்கினான். நெடுஞ்சாலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தான்.

"வண்டில ஒண்ணும் இல்லம்மா. கைய விட்டாக்கூட நேரா போவுது."

"ஏத்திட்டு ஓட்டிப் பாரு."

"எதுக்கு ஏத்தணும்? சாமான் பின்னால இருக்கு. ஸ்டீரிங் முன்னால இருக்கு."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"ஒனக்கு வயசாச்சும்மா. அதான் விசயம். சுங்காய்ல ஒருத்தரு டுரியான் தோட்டத்துக்குள்ள ஓட்டப் பழைய பிக்கப் தேடுறாரு. நான் பேசிட்டேன். கோயில் திருவிழாவுக்கு மறுநாள் வந்து எடுத்துக்குவாரு. அதுவரைக்கும் மெதுவா ஓட்டு. அதுக்கப்புறம் வீட்ல இரு."

வீட்டில் இருந்து என்ன செய்வது? சுப்பையாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு பிரேக் கிடையாது.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. வண்டி போனால் இலை போகும். இலை போனால், விடியும்போது எனக்கென்று போவதற்கு ஓர் இடம் இல்லை. இந்தத் தாமான் குடியிருப்பில் சந்து சந்தாகச் சுற்றிவிட்டு கேட்டைப் பூட்டிக்கொள்ளலாம். கோழியும் அதைத்தான் செய்கிறது.

அதைவிட ஒன்று உறுத்தியது. கோளாறு வண்டியில் இருக்கிறதா, என்னிடம் இருக்கிறதா? அது தெரியாமல் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை.

ஆ செங் கீழே படுத்தார்

எங்கள் ஊரில் வண்டி ரிப்பேர் பார்ப்பவரைப் போமன் என்போம். எங்கள் போமன் ஆ செங். பட்டறை முதலாளி என்பதால் நான் தவுக்கே என்றுதான் கூப்பிடுவேன். அவர் அப்பா எங்கள் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தார். அதனால் ஆ செங் தமிழ் பேசுவார். தமிழில் திட்டுவது எங்களைவிட நன்றாக வரும்.

முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். டயரை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். பிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்.

"பக்கத்துல ஆடுனா டை ராட். மேல கீழ ஆடுனா பால் ஜாயிண்ட். ரெண்டும் ஆடுனா கோயிலுக்குப் போயிரு அக்கா."

பக்கவாட்டில் கொஞ்சம் ஆடியது. சக்கரத்தை இறக்கிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கைக் கொஞ்சமாக இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். கீழே இருப்பவர் கம்பிகளைப் பார்ப்பார். ஒரு கம்பி திரும்பியும் அடுத்தது சும்மா இருந்தால், அந்த மூட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சுப்பையா ஓடிப்போய் டிரைவர் சீட்டில் ஏறினார். கண்ணாடியைச் சரிசெய்தார். தலை வாரினார். ஹாரன் அடித்தார்.

"அண்ணே! ஹாரன் அடிக்காத லா! என் காது அங்கதான் இருக்கு!"

"முன்னால நாய் நிக்குது."

"அது என் நாய். அதுக்கு ஒன்னயத் தெரியும். நீ திருப்பு."

வலப்பக்க டை ராட் மூட்டு தேய்ந்திருந்தது. மாற்றினார். ஸ்டீரிங் பாக்ஸ் திருகை ஒரு சுற்றுக்கும் குறைவாக முடுக்கினார். முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டார். டயர் கோளாறு என்றால் இழுப்பு மறுபக்கம் போகுமாம். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று மட்டும் சுட்டால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஒரே சூடு.

"இப்ப சரி அக்கா. நேரா போவுது."

"காலியா இருந்தா முன்னாலயும் நேராத்தான் போச்சு, தவுக்கே. ஏத்துனாதான் இழுக்குது."

"அப்ப ஏத்திக்கிட்டு வா."

அங்கேதான் சிக்கல். என் வண்டி நிறைந்திருக்கும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். அவர் பட்டறையைத் திறக்கும்போது என் வண்டி காலி. ஒருநாள் பகலில் தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகலாம் என்றேன். சுப்பையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். சாயங்காலம் பந்தாட்டம் பார்க்கப் போகும்போது இடுப்பு சரியாகிவிட்டது.

மறுநாள் விடியற்காலை, இலையோடும் தேங்காயோடும், அதே ஏற்றம். அதே இழுப்பு.

என்னையும் ஆட்டிப் பார்த்தார்கள்

வண்டியை முடித்துவிட்டு என்னைப் பார்க்கலாம் என்று கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண். இரண்டு விரலை நீட்டி, இரண்டு கையாலும் அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன்.

"போதும் ஆன்ட்டி. விடுங்க. விடுங்க."

விரலை உதறிக்கொண்டாள். பாவம். பால் மரம் வெட்டிய கை என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

இரண்டு கையும் ஒரே பலம் என்றாள். கண்ணும் வயதுக்குப் பரவாயில்லை என்றாள். எழுந்து வந்தேன்.

சந்தோசப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. வண்டியும் நன்றாக இருக்கிறது. கையும் கண்ணும் நன்றாக இருக்கின்றன. அப்படியானால் மிச்சம் இருப்பது தலைதான்.

பயந்தேன் என்று எழுத மாட்டேன். ஸ்டீரிங்கைப் பிடிப்பதற்கு முன் உள்ளங்கையைக் கைலியில் துடைக்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான்.

முனி ஏறிய வண்டி

முனியாண்டி கோயில் பூசாரிக்கு விசயம் போனது. இதெல்லாம் தானாகப் போகும். வண்டியைச் சுற்றி வந்தார். கண்ணை மூடினார்.

"அக்கா, வண்டில முனி ஒக்காந்துருக்கு. எடது பக்கம்."

"எடது பக்கம் ஒக்காந்துருக்கிறது சுப்பையா."

"வெளையாடாத. அன்னைக்கு ஏத்துனமே, அதுலேருந்து எறங்கல."

அது பழைய கதை. தோட்டத்தை விற்றபோது முனியாண்டி சாமிக்கும் வீடு மாற்ற வேண்டியிருந்தது. சாமி என்றால் கல். என் நெஞ்சுயரக் கருங்கல். புது இடம் தாமான் மூலையில், மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில். லாரி பேசியிருந்தார்கள். அது கோழி ஏற்றுகிற லாரி என்று கடைசி நேரத்தில் தெரிந்தது. முனிக்குக் கோழி வெட்டுகிறவர்களே, கோழி லாரியில் சாமி போகக்கூடாது என்றார்கள். அதனால் என் பிக்கப்.

படுக்கவைத்துக் கட்டலாம் என்றேன். அப்போது எழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

"சாமிய மல்லாக்கப் போடுறதா? ஒன் வீட்டு ஆட்டுக்கல்லா அது?"

சரி, நிற்கட்டும். நடுவில் நிற்கட்டும் என்றேன். நடுவில் பூசாரி நிற்க வேண்டுமாம். முன்பக்கம் பூச்சட்டி. வலது பக்கம் உறுமி மேளக்காரர்கள். சாமிக்குக் கிடைத்தது பின்னால் இடது மூலை. அங்கே நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டினார்கள். மொத்தக் கனமும் அந்த ஒரு சக்கரத்தின் மேல். கல்லைப் பிடித்துக்கொள்ள இரண்டு தடியர்கள். அவர்களும் அதே மூலையில்.

பழைய லாரிப் பாதையில் ஒரு குழி. பின்சக்கரம் இறங்கி ஏறியது. பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். இரும்பும் இரும்பும் அடித்த மாதிரி.

"சாமி பேசிருச்சு!" என்றார் பூசாரி.

மேளம் நின்றது. எல்லோரும் கும்பிட்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். நானும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக் கும்பிட்டேன். சுப்பையா அழுதார்.

அந்த முனிதான் இன்னும் இறங்கவில்லை என்று பூசாரி சொன்னார். சுருட்டும் ஸ்டவுட் பீர் போத்தலும் வைத்தால் இறங்கும் என்றார். வைத்தோம். மறுநாள் போத்தல் காலி. முனி குடித்துவிட்டது என்று சுப்பையா சொன்னார். சொல்லிவிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்கினார்.

இழுப்பு போகவில்லை.

மஞ்சத்தண்ணி

திருவிழா வந்தது. குமரேசனும் வந்தான். சுங்காய்க்காரர் மறுநாள் காலையில் வருவார் என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பால்குடம் பத்து மணிக்கு மேல் புறப்படும். தார் ரோட்டில் அப்போது அப்பளம் பொரிக்கலாம். பால்குடம் எடுப்பவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். அவர்கள் கால் சுடாமல் இருக்க, பெண்கள் ரோட்டில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே முன்னால் போவார்கள். அந்தத் தண்ணீரைச் சுமப்பது என் வண்டி. பின்னால் பெரிய தொட்டி நிறைய மஞ்சத்தண்ணி. பெண்கள் வாளியில் மொண்டு வண்டிக்கு முன்னால் ஊற்றுவார்கள். நான் அதன்மேல் ஊர்ந்து போவேன். எனக்குப் பின்னால் மேளம். அதற்குப் பின்னால் பால்குடம்.

குமரேசன் புது வேட்டி கட்டி ஜன்னல் ஓரமாக நடந்து வந்தான்.

"மெதுவாம்மா."

"நடக்கிறவங்கள்லாம் என்னைய முந்திப் போறாங்க. இதுக்கு மேல மெதுவான்னா பின்னாலதான் போவணும்."

கோயிலுக்கு முன்னால் ரோடு ஏறும். வாளி எட்டாமல் சில இடம் காய்ந்து கிடந்தது. முதல் கியரில் மிதித்து ஏறினேன். அப்போது பின்னால் செல்லம்மா கத்தினாள். போன வாரம் எழுதிய குழாயடிச் சண்டையில் எதிர்க்கட்சி இவள்தான். குரல் அன்றைக்கு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறது.

"எவன்டா அது, சாமி வார பாதையில ரெண்டாவது வண்டி ஓட்டுனவன்?"

நிறுத்தி எட்டிப் பார்த்தேன். "எந்த ரெண்டாவது வண்டி? நான் மட்டும்தான் வந்தேன்."

"எனக்கென்னா கண்ணு பொட்டையா? எறங்கி வந்து பாரு. ஒரு வண்டிக்கு ரெண்டு கோடு. இங்க எத்தனை கோடு கெடக்கு?"

இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

காய்ந்த தாரில் டயர் தடம் மஞ்சளாகப் பதிந்திருந்தது. வலப்பக்கம் ஒரு கோடு. அதை ஒட்டி வெளிப்பக்கம் இன்னொரு கோடு, நான்கு விரல் அகலத்துக்கு. இடப்பக்கம் போனேன். அங்கேயும் இரட்டை. ஆனால் அங்கே இரண்டாவது கோடு உள்பக்கம்.

குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகவில்லை. இரண்டு பின்சக்கரமும் வலது பக்கம் தள்ளிப் போயிருக்கின்றன. வண்டி நண்டு மாதிரி நடந்திருக்கிறது.

"என்னாம்மா பாக்குற? டயரு சறுக்கியிருக்கும்," என்றான் குமரேசன்.

"தவுக்கேயக் கூப்புடு."

"எந்தத் தவுக்கே?"

"ஆ செங். பின்னால வாராரு."

ஆ செங் வருசா வருசம் பால்குடம் எடுப்பவர். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தலையில் பால்குடம். வரிசையை விட்டு வந்தார். தடத்தைப் பார்த்தார். வண்டியின் பின்பக்கம் நடந்து போய் இரண்டு சக்கரத்தையும் நின்றபடியே பார்த்தார். இடது டயர் அதன் மேலுள்ள தகர வளைவின் முன் ஓரத்தை நெருங்கி நின்றது. வலது டயர் நடுவில் நின்றது.

தமிழில் ஒரு வார்த்தை சொன்னார். தலையில் பால்குடத்தோடு சொல்லக்கூடாத வார்த்தை.

"அக்கா, நான் முன்னாலயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன் லா. யாராச்சும் கீழ போங்க."

"நீங்க போங்க அண்ணே," என்றான் குமரேசன்.

"பால்குடத்த எறக்கக்கூடாது. நீ போ."

"அண்ணே, புது வேட்டி."

"என்னுதும் புதுசுதான். போடா."

குமரேசன் வண்டிக்கு அடியில் போனான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கோயில் தலைவர் ஓடி வந்தார்.

"என்னா இது? சாமி வார நேரத்துல பட்டறை வச்சிருக்கீங்க?"

"தலைவரே, கொஞ்சம் இருங்க," என்றார் ஆ செங். பால்குடம் அசையாமல் நேராக நின்றுகொண்டு, நேர் எதிரே பார்த்தபடி கேட்டார். "தம்பி, எடது சக்கரத்துக்கிட்ட ஸ்பிரிங் பட்டை தெரியுதா? அதையும் அச்சையும் சேத்து ரெண்டு யூ போல்ட் புடிச்சிருக்கும்."

"தெரியுது."

"ரெண்டுக்கும் நடுவுல, மேல, ஒரு நட்டு இருக்கும். கைய வச்சு அசை."

உறுமி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே... கையோட வந்துருச்சு."

வெளியே வந்தான். கையில் துருப்பிடித்த நட்டு. அதில் பாதி போல்ட். மீதிப் பாதி இல்லை. முகத்தில் கிரீஸ், மஞ்சள், வேப்பிலை.

"சென்டர் போல்ட் ஒடைஞ்சி ரொம்ப நாள் ஆச்சு," என்றார் ஆ செங். "அச்ச ஒரே எடத்துல நிறுத்தி வைக்கிறது அதுதான். ஏத்திட்டு ஆக்சிலேட்டர அழுத்துனா எடது சக்கரம் மட்டும் முன்னால நவுந்துரும். பின்னால அச்சு கோணுனா முன்னால மூக்கு திரும்பும். கால எடுத்தா திரும்பி வந்துரும். காலியா இருந்தா பேசாம கெடக்கும். அக்கா, பின்னால எடது பக்கம் எப்பவாச்சும் பெரிய கனம் ஏத்துனியா?"

நான் பூசாரியைப் பார்த்தேன். சுப்பையாவும் பூசாரியைப் பார்த்தார். அன்றைக்குக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்ற தடியர்கள் மேளத்தைப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு 'டக்'குன்னு ஒரு சத்தம் கேட்டிச்சே," என்றேன். "சாமி பேசுனிச்சே."

பூசாரி கொஞ்சமும் அசரவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேன் அக்கா. முனின்னு. கேட்டியா?"

அதை மறுக்க முடியாது. சொன்னார்தான்.

ஏற்றம்

வண்டியை அங்கேயே விட முடியாது. பின்னால் ஊரே நின்றது. ரோடு ஓரம் லோங்காங் என்கிற சாக்கடை. கோயில் வாசலில்தான் ஒதுக்க இடம் இருந்தது.

"நீ எறங்கும்மா. நான் கொண்டு போறேன்," என்றான் குமரேசன்.

"தொட்டியில பாதிக்கு மேல தண்ணி இருக்கு."

"பரவால்ல. கொஞ்ச தூரம்தான."

சாவியைக் கொடுத்தேன். சுப்பையா இடது பக்கம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் எதற்கும் இறங்க மாட்டார்.

கியர் போட்டு மிதித்தான். வண்டி லோங்காங்கைப் பார்த்துத் திரும்பியது. வலது பக்கம் ஒடித்தான். காலை எடுத்தான். வண்டி ரோட்டு நடுவுக்குப் பாய்ந்தது. பெண்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மறுபடி மிதித்தான். மறுபடி லோங்காங். உள்ளே சுப்பையா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஹாரன் அடி, அடிக்காதே, கியரை மாற்று, ஏன் மாற்றினாய்.

கோயில் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினான். வேட்டியில் கையைத் துடைத்தான். இரண்டு கையையும்.

"ம்மா, இதையா தெனைக்கும் ஈப்போ வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போன?"

"ஆமா."

பசியாறிவிட்டு வரச் சொன்னேன். போய்ச் சாப்பிட்டான். மோர் மட்டும் நிறையக் குடித்தான்.

மறுநாள்

ஆ செங் பட்டறையை விடியும்போதே திறந்தார். அது நடப்பதில்லை. இரண்டு பக்கமும் புது சென்டர் போல்ட், புது யூ போல்ட். முடுக்கும்போது ஒவ்வொரு முடுக்குக்கும் அந்த வார்த்தையைச் சொன்னார். இப்போது தலையில் பால்குடம் இல்லை.

சுங்காய்க்காரரும் வந்தார். நல்ல மனிதர். டயரை உதைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து மோந்து பார்த்தார். இதில் பூண்டு ஏற்றினீர்களா என்று கேட்டார்.

நான் வீட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

"மன்னிச்சிருங்க அண்ணே. வண்டி விக்கிறதுக்கு இல்ல."

"என்னா தம்பி, சுங்காய்லேருந்து வாரேன். வேற யாரும் கேட்டுட்டாங்களா?"

"இல்லண்ணே. எங்கம்மா ஓட்டுறாங்க."

அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

குமரேசன் ஷா ஆலம் போவதற்கு முன் என்னோடு ஈப்போவுக்கு வருவதாகச் சொன்னான். பஸ் அங்கேயே ஏறிக்கொள்வானாம். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். சுப்பையா வீட்டில் இருந்தார். இடுப்பு வலியாம்.

அடுத்த நாள் இருட்டோடு இலை ஏற்றினேன். தேங்காய் ஏற்றினேன். அவனும் கை கொடுத்தான். செம்மோர் தாண்டி ஏற்றம் வந்தது. மிதித்தேன்.

வண்டி வலது பக்கம் போனது. நடுக்கோட்டைத் தொட்டுவிட்டது.

குமரேசன் வாயைத் திறந்தான். ஸ்டீரிங்கைப் பார்த்தான். அதை வலது பக்கமே ஒடித்துப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தான். இத்தனை மாதம் அப்படித்தான் பிடித்திருக்கிறேன். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டான்.

"வண்டி சரியா இருக்கு," என்றேன். "கைக்குத்தான் ஒரு வாரம் ஆவும்."